லிங்கனின் குமாஸ்தா எழுதிய சரித்திரம்

1947ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி. இந்தியா சுதந்திரம் அடைய இன்னும் இருபதே நாட்கள் இருந்த சமயம். அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தில், நள்ளிரவு கடந்ததும் ஒரு பெட்டகம் திறக்கப்பட்டது. சரித்திர ஆராய்ச்சியாளர்கள் பலர் அந்த நேரத்திலும் தூங்காமல் அங்கே காத்திருந்தார்கள்.

பெட்டகத்தில் இருந்தவை ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் காகிதங்கள். 18,000க்கும் அதிகமான கடிதங்களும் குறிப்புகளும். லிங்கனின் மூத்த மகன் ராபர்ட் அவற்றை நூலகத்துக்குக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தாம் இறந்து 21 ஆண்டுகள் ஆகும் வரை யாரும் அவற்றைப் பார்க்கக் கூடாது என்பதே அது. அந்தக் கெடு அன்றுதான் முடிந்தது.

உள்ளே என்ன இருக்கிறதோ என்று பல ஆண்டுகளாகப் பேச்சு நடந்திருந்தது. லிங்கனின் கொலையில் அவருடைய மந்திரிகளுக்கே பங்கு உண்டு என்று எழுதியவர்கள்கூட இருந்தார்கள். ஆனால் அந்தக் காகிதங்களை முழுவதும் படித்து, அவற்றை ஆதாரமாக வைத்து, பத்துப் பாகங்களில் லிங்கனின் வரலாற்றை 1890ஆம் ஆண்டிலேயே இருவர் வெளியிட்டிருந்தார்கள். ஒருவர் ஜான் ஹே. பிற்காலத்தில் வெளிநாட்டு மந்திரியாகி உலகப் புகழ் பெற்றவர். இன்னொருவர் ஜான் ஜார்ஜ் நிக்கோலே. அவருடைய பெயர் அவ்வளவாக வெளியே தெரியாது. ஆனால் காகிதங்களைக் கட்டிக் காத்ததும், வரிசைப்படுத்தியதும், வேலையின் பெரும் சுமையைத் தாங்கியதும் அவரே.

அவர் எழுதியது உண்மையா, எதையாவது திரித்தாரா என்பது அன்றிரவுக்குப் பிறகு தெரிந்துவிடும். கணக்கு எழுதியவர் இறந்து 46 ஆண்டுகள் ஆகவிருந்த நிலையில் தணிக்கை தொடங்கியது.

பிழைக்க வந்த குடும்பம்

நிக்கோலே அமெரிக்காவில் பிறந்தவர் அல்லர். 1832ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் தேதி, இன்றைய ஜெர்மனியில் உள்ள எஸ்ஸிங்கன் என்ற சிற்றூரில் பிறந்தார். அவருக்கு ஆறு வயதாகும்போது குடும்பம் பிழைப்புத் தேடிக் கப்பலேறியது. சின்சினாட்டி நகரில் சில காலம், பிறகு வேறு ஊர்கள் என்று அலைந்து, கடைசியில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் பைக் கவுண்டியில் தங்கியது. அங்கே தகப்பனார் மாவு மில் நடத்தினார். வீட்டில் பேசியது ஜெர்மன் மொழி. ஆங்கிலம் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் கற்றுக்கொண்டது. பள்ளிப் படிப்பும் மிகச் சொற்பமே.

தாயார் முன்பே இறந்துவிட, 1846இல் தகப்பனாரும் காலமானார். பதினான்கு வயதில் அநாதையான பையன் ஒயிட் ஹால் என்ற ஊரில் ஒரு கடையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். 1848இல் பிட்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் ஒரு பத்திரிகை அச்சுக்கூடத்துக்கு எடுபிடிப் பையன் தேவை என்று அறிந்து அங்கே போய்ச் சேர்ந்தான்.

அந்த அச்சுக்கூடமே அவருக்குக் கல்லூரி ஆயிற்று. எழுத்துக் கோத்தார், மை தடவினார், பிழை திருத்தினார், பிறகு செய்தி எழுதினார். ஆறே ஆண்டுகளில், 1854இல், பைக் கவுண்டி ஃப்ரீ பிரஸ் என்ற அந்தப் பத்திரிகைக்கு அவரே ஆசிரியர், அவரே சொந்தக்காரர். அப்போது வயது 22.

ஓர் எழுத்து தவறினாலும் பொருள் மாறிவிடும் என்பது அச்சுக் கோத்தவருக்குத் தெரியும். நிக்கோலேயிடம் கடைசி வரை இருந்த கண்டிப்பு அந்த அச்சுக்கூடத்தில் வந்ததே.

கைநழுவிய வாய்ப்பு

1856இல் பத்திரிகையை விற்றார். மறு ஆண்டு மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில், மாநிலச் செயலாளர் ஹாட்ச் என்பவரின் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. தேர்தல் கணக்குகள் அந்த அலுவலகத்தில்தான் இருந்தன. எந்தக் கவுண்டியில் எந்தக் கட்சிக்கு எத்தனை வோட்டு என்று பார்ப்பதற்காக உயரமான வக்கீல் ஒருவர் அடிக்கடி அங்கே வருவார். அவர்தான் லிங்கன். கேட்ட கணக்கைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் இந்த இளம் குமாஸ்தாவை அவருக்குப் பிடித்துப்போயிற்று.

1860 மே மாதம் ஜனாதிபதி தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி லிங்கனை நிறுத்தியது. தேர்தலுக்காக அவருடைய வாழ்க்கை வரலாறு ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. அதைத் தாம் எழுத வேண்டும் என்று நிக்கோலே மிகவும் ஆசைப்பட்டார். ஆனால் அந்த வேலை ஹௌவெல்ஸ் என்ற வேறோர் இளம் எழுத்தாளருக்குப் போய்விட்டது. நிக்கோலே மனம் உடைந்துபோனார்.

அந்த ஏமாற்றம் வெகு நாள் நீடிக்கவில்லை. லிங்கன் அவரைத் தம் அந்தரங்கச் செயலாளராக வைத்துக்கொண்டார். வரலாறு எழுதும் ஆசை என்னவோ நிறைவேறவில்லை. அதற்கு இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

ஓடும் ரயிலில்

1861 பிப்ரவரி 11ஆம் தேதி லிங்கன் ஸ்பிரிங்ஃபீல்டை விட்டு வாஷிங்டனுக்குப் புறப்பட்டார். ரயில் நிலையத்தில் கூடியிருந்த ஊர்மக்களிடம் சில வார்த்தைகள் பேசி விடைபெற்றார். பேச்சு எழுதி வைத்ததல்ல. ரயில் நகர்ந்த பிறகு, பேசியதை எழுதித் தருமாறு லிங்கனிடம் கேட்டுக்கொண்டார்கள். லிங்கன் பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கினார். வண்டியின் ஆட்டத்தில் எழுத்து கோணிக் கோணிப் போயிற்று. பாதியில் பென்சில் நிக்கோலேயின் கைக்கு வந்தது. லிங்கன் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இருவர் கையெழுத்தும் கலந்த அந்தத் தாள் காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஓடும் ரயிலில் எழுதினால் எழுத்து எப்படி இருக்கும் என்பதை நிக்கோலே அன்று கண்ணால் பார்த்தார். பிற்காலத்தில் ஒரு கட்டுக்கதையை உடைக்க அந்த அறிவு உதவப்போகிறது.

வெள்ளை மாளிகையில் நான்கு ஆண்டுகள்

ஜனாதிபதிக்கு ஒரே ஒரு செயலாளரை வைத்துக்கொள்ளத்தான் அன்றைய சட்டம் இடம் கொடுத்தது. நிக்கோலேக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளம். வேலையோ ஒருவரால் முடியாது. அவர் தம் நண்பர் ஜான் ஹேயையும் உடன் அழைத்துவரச் செய்தார். ஹேயின் பெயரை வேறோர் இலாகாவின் சம்பளப் பட்டியலில் சேர்த்து வெள்ளை மாளிகைக்கு அனுப்பினார்கள். நிக்கோலேக்கு வயது 29, ஹேக்கு 22. இருவரும் வெள்ளை மாளிகையிலேயே ஓர் அறையில் தங்கினார்கள்.

நாடு இரண்டாகப் பிளந்து உள்நாட்டுப் போர் மூண்டது. தினமும் நூற்றுக்கணக்கான தபால்கள். உத்தியோகம் கேட்டு வருகிறவர்கள், மகனைப் பட்டாளத்திலிருந்து விடுவிக்கச் சொல்லி அழும் தாய்மார்கள், சண்டைக்கு வரும் அரசியல்வாதிகள் என்று வாசலில் கூட்டம் ஓயாது. எல்லோரும் முதலில் நிக்கோலேயைத் தாண்டியே போக வேண்டும். கண்டிப்பானவர், சிடுசிடுப்பானவர் என்று அவருக்குப் பெயர் வந்தது. ஜனாதிபதியின் மனைவிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. லிங்கனுக்கு மட்டும் அவர்மேல் இருந்த நம்பிக்கை குறையவே இல்லை.

1862 பிப்ரவரி 20ஆம் தேதி மாலை. நிக்கோலே தம் அலுவலக அறையில் களைத்துப்போய்ச் சாய்ந்திருந்தார். லிங்கன் உள்ளே வந்தார். தம் பையன் போய்விட்டான் என்று சொல்லி, அழுதுகொண்டே திரும்பிப் போனார். ஜுரத்தில் கிடந்த பதினோரு வயது மகன் வில்லி சற்று முன்புதான் இறந்திருந்தான். நாட்டின் தலைவர் தம் துக்கத்தைச் சொல்ல முதலில் வந்து நின்ற இடங்களுள் ஒன்று குமாஸ்தாவின் அறை. நிக்கோலே அதை இரண்டு மூன்று வரிகளில் குறித்துவைத்தார். அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை.

லிங்கன் நாட்குறிப்பு எழுதியவர் அல்லர். செயலாளர்கள் இருவரும்தான் குறிப்புகள் வைத்தார்கள். என்றாவது ஒருநாள் இவருடைய வரலாற்றை எழுத வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருவருக்கும் இருந்தது.

பெட்டிகளில் அடைத்த காகிதங்கள்

போர் முடிந்த நேரம். சவுத் கரோலினாவில் சம்டர் கோட்டையில் 1865 ஏப்ரல் 14ஆம் தேதி மீண்டும் கொடி ஏற்றினார்கள். நிக்கோலே அந்த விழாவுக்குப் போயிருந்தார். அன்று இரவுதான் வாஷிங்டனில் ஒரு நாடகக் கொட்டகையில் லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை உயிர் பிரிந்தபோது ஹே அருகில் இருந்தார். நிக்கோலே இல்லை. திரும்பி வரும் வழியில், கப்பலில் இருந்தபோதுதான் அவருக்குச் செய்தி தெரிந்தது. நான்கு ஆண்டுகள் நிழல்போல் உடனிருந்தவருக்குக் கடைசி நேரத்தில் அருகில் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை.

வந்தவுடன் செய்ய வேண்டிய வேலை இருந்தது. ஜனாதிபதியின் காகிதங்களை நிக்கோலேயும் ஹேயும் கட்டுக் கட்டாகப் பெட்டிகளில் அடைத்தார்கள். ராபர்ட் லிங்கனின் விருப்பப்படி அவை இல்லினாய்ஸில் நீதிபதி டேவிட் டேவிஸின் பொறுப்பில் வைக்கப்பட்டன.

நிக்கோலேக்கு முன்பே பாரிஸ் நகரில் தூதரகப் பதவி கிடைத்திருந்தது. ஜூன் மாதம், பல ஆண்டுகளாகக் காத்திருந்த தெரீனா பேட்ஸ் என்ற பெண்ணை மணந்து, பாரிஸுக்குப் புறப்பட்டார். 1869 வரை அங்கே வேலை. 1872இல் உச்ச நீதிமன்றத்தின் மார்ஷல் என்ற நிர்வாக உத்தியோகம் வாஷிங்டனிலேயே அமைந்தது. நிலையான சம்பளம், மாலையில் கொஞ்சம் ஓய்வு. அவர் எதிர்பார்த்தது அதுதான். 1874இல் ராபர்ட் லிங்கன் காகிதப் பெட்டிகளை அவரிடம் ஒப்படைத்தார்.

நினைவா, காகிதமா

1875இல் நிக்கோலே ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய் லிங்கனின் பழைய நண்பர்களைச் சந்தித்தார். ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதிக்கொண்டார். எழுதியதை ஒப்பிட்டுப் பார்த்தபோது அவருக்குத் திகைப்பு ஏற்பட்டது. ஒரே சம்பவத்தை ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் மாண்டவர் மகானாகிவிட்டார். அவரோடு தமக்கு இருந்த பழக்கம் ஒவ்வொருவர் மனத்திலும் வளர்ந்துகொண்டே போயிருந்தது.

அதன் பிறகு நிக்கோலே ஒரு விதி வகுத்துக்கொண்டார். அந்தந்த நாளில் எழுதப்பட்ட காகிதம் எதுவோ அதுவே சாட்சி. பிற்காலத்து நினைவு, எவ்வளவு பெரிய மனிதர் சொன்னாலும், காகிதத்துக்கு அடுத்தபடிதான். தம் சொந்த நினைவுக்கும் அதே விதிதான்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் கெட்டிஸ்பர்க் பேச்சு. லிங்கனின் பேச்சுகளிலேயே மிகப் புகழ் பெற்ற அதை அவர் ரயிலில் போகும்போது கிடைத்த ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கினார் என்று ஒரு கதை நாடெங்கும் பரவியிருந்தது. நிக்கோலே 1894இல் ஒரு கட்டுரை எழுதி அதை மறுத்தார். 1863 நவம்பரில் அந்தப் பயணத்தில் லிங்கனோடு போனவர் அவர். மறுநாள் காலை லிங்கன் எழுதி முடித்தபோது அந்த அறையில் இருந்தவரும் அவரே. வண்டியில் எழுதவே இல்லை, அந்த ஆட்டத்தில் எழுதியிருக்கவும் முடியாது என்றார். அதோடு நிற்காமல் காகிதத்தையே சாட்சிக்கு அழைத்தார். முதல் பக்கம் வெள்ளை மாளிகையின் தாளில் மையால் தெளிவாக எழுதியது. இரண்டாம் பக்கம் வேறு தாளில் பென்சிலால் எழுதியது. அந்தப் பிரதிக்கு இன்றும் நிக்கோலே பிரதி என்றே பெயர்.

பதினைந்து ஆண்டு உழைப்பு

பகலில் நீதிமன்ற வேலை, மாலையில் லிங்கன். இப்படியே ஆண்டுகள் ஓடின. ஹே ஒரு பணக்காரக் குடும்பத்தில் மணம் செய்துகொண்டு வேறு நகரில் சில காலம் இருந்தார். அத்தியாயங்களைப் பங்கு போட்டுக்கொண்டு எழுதினார்கள். யார் எந்த அத்தியாயத்தை எழுதினார் என்று நூலில் குறிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இருவரும் பொறுப்பு. 1885இல் நிக்கோலேயின் மனைவி தெரீனா இறந்தார். அவருக்குக் கண்பார்வையும் தொல்லை கொடுத்தது. மகள் ஹெலன் கூடவே இருந்து உதவினாள்.

1886 நவம்பரில் செஞ்சுரி என்ற மாதப் பத்திரிகை தொடராக வெளியிடத் தொடங்கியது. அதற்குப் பேசிய தொகை 50,000 டாலர். அந்தக் காலத்தில் ஒரு தொடருக்கு அப்படிப்பட்ட தொகை கேள்விப்படாதது. 1887இல் நிக்கோலே மார்ஷல் வேலையை விட்டார். 1890இல் பத்துப் பாகங்களும் புத்தகமாக வந்தன.

அதுவரை வெளியுலகம் அறியாத பல விஷயங்கள் அதில் இருந்தன. ஓர் உதாரணம்: 1861 ஏப்ரல் முதல் தேதி வெளிநாட்டு மந்திரி சீவர்டு லிங்கனுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அரசாங்கத்துக்கு ஒரு கொள்கையே இல்லை என்று குறைகூறி, பொறுப்பைத் தாமே ஏற்கத் தயார் என்ற பொருள்பட எழுதியிருந்தார். லிங்கன் அமைதியாக மறுத்துவிட்டு, விஷயத்தை வெளியே விடாமல் வைத்துக்கொண்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து நிக்கோலேயும் ஹேயும் அந்தக் காகிதத்தை அச்சிட்டபோதுதான் நாடு அதை அறிந்தது.

குறைகளும் உண்டு

நூல் குறையற்றது என்று சொல்ல முடியாது. காகிதங்களைத் தரும்போதே, அச்சுக்குப் போகுமுன் தாம் பார்க்க வேண்டும் என்பது ராபர்ட் லிங்கனின் ஏற்பாடு. அவர் பார்த்தார். தம் பாட்டனார் தாமஸ் லிங்கனைப் பற்றிய சில இடங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. அவை மாற்றப்பட்டன. லிங்கனின் கல்யாணப் பேச்சு முறிந்து அவர் மனம் கலங்கிக் கிடந்த நாட்களைப் பற்றி நண்பர் பிரௌனிங் 1875இல் நிக்கோலேயிடம் விரிவாகச் சொல்லியிருந்தார். அதுவும் நூலில் சேரவில்லை. லிங்கனை எதிர்த்தவர்களிடம், முக்கியமாகச் சேனாபதி மெக்ளல்லனிடம், நூல் கடுமையாக நடந்துகொள்கிறது. எஜமானரிடம் வைத்த பக்தி பல பக்கங்களில் தெரிகிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வெளியிடாமல் விட்டதை நிக்கோலே கிழித்தெறியவில்லை. பிரௌனிங் சொன்னதும், மற்ற நண்பர்கள் சொன்னதும், அவர் எழுதியபடியே அவருடைய காகிதங்களில் இருந்தன. மகள் ஹெலன் தகப்பனாரின் குறிப்புகளிலிருந்து 1912இல் ஒரு நூல் எழுதினார். 1875ஆம் ஆண்டுப் பேட்டிகளும் மற்றவையும் ஓர் ஆராய்ச்சியாளரால் 1996இல் புத்தகமாக வந்தன. தாம் மறைத்ததைப் பிறர் கண்டுபிடிக்கும் வழியையும் அவரே விட்டுப் போயிருந்தார்.

தணிக்கையின் முடிவு

1894இல் லிங்கனின் எழுத்துகளையும் பேச்சுகளையும் இரண்டு பாகங்களாக இருவரும் வெளியிட்டார்கள். ஹே 1898இல் வெளிநாட்டு மந்திரியானார். நிக்கோலே வீட்டிலேயே, அந்தக் காகிதங்களுக்கு நடுவிலேயே இருந்தார். பத்துப் பாகங்களையும் படிக்க நேரமில்லாத சாதாரண மக்களுக்காக, ஒரே பாகத்தில் ஒரு சுருக்கமான வரலாற்றைத் தயாரித்தார். அது அச்சில் வருவதைக் காண அவர் இருக்கவில்லை. 1901 செப்டம்பர் 26ஆம் தேதி காலமானார். நூல் மறு ஆண்டு வெளிவந்தது.

காகிதங்கள் ஹேயிடம் போய், 1905இல் அவரும் இறந்த பிறகு ராபர்ட்டிடம் திரும்பின. 1919இல் காங்கிரஸ் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. ராபர்ட் 1926 ஜூலை 26ஆம் தேதி இறந்தார். 21 ஆண்டுகள் கழிந்தன.

அன்றிரவு பெட்டகம் திறந்த பிறகு ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் படித்தார்கள். கொலைச் சதி எதுவும் வெளிவரவில்லை. மந்திரிகளின் துரோகம் எதுவும் கிடைக்கவில்லை. நாட்டைத் திடுக்கிட வைக்கும் எந்த ரகசியமும் இல்லை. சொல்ல வேண்டிய முக்கியமானவற்றையெல்லாம் இரண்டு செயலாளர்களும் 1890ஆம் ஆண்டிலேயே சொல்லி முடித்திருந்தார்கள்.

புதுச் செய்தி கிடைக்கும் என்று வந்தவர்களுக்கு அது ஏமாற்றம். ஆனால், அநாதையாக நின்று, கடையில் எடைபோட்டு, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்து, கல்லூரி வாசலையே மிதிக்காமல் ஒரு தேசத்தின் சரித்திரத்தை எழுதிய அந்தக் குமாஸ்தாவுக்கு அதைவிடப் பெரிய நற்சான்று வேறு என்ன இருக்க முடியும்? 27 ஆண்டுகள் அவர் பொறுப்பில் இருந்த கணக்கு அது. சரிபார்த்தவர்கள் கையில் அது சரியாகவே இருந்தது.